கவர்னர் அத்தான்

கேள்வி: லண்டனில இருக்கிற அத்தானை அங்கத்தைய சேர்ச் பள்ளிக்கூடமொன்று கவர்னராக்கியிருக்காம். சம்பளம் இல்லையாம். ஊரில நானும் அப்பிடி ஆகலாமோ?
*– வாசகர், ஸ்கந்தபுரம்*

பதில்: முதலில் அத்தானுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். அது பள்ளி நிர்வாக சபை உறுப்பினர் பதவி; மாளிகையும் கிடையாது, காரும் கிடையாது. பெரும்பாலும் 4 வருடப் பதவி. பின்னேரக் கூட்டத்துக்குப் போய், வரவு செலவைப் படித்து, அதிபரைச் சங்கடமான கேள்விகள் கேட்டு, கொட்டும் பனியில் வீடு திரும்ப வேண்டும். புதிய அதிபரைத் தெரிவு செய்வதிலும் பங்குண்டு. சேர்ச் பள்ளிக்கூடம் என்றால் அந்தச் சபையில் சிலரைத் திருச்சபையே நியமிக்கும்.

இங்கே கதை வேறு. மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் பரியோவான், பத்திரிசியார், யாழ்ப்பாணக் கல்லூரி போன்ற சில தப்பின. ஆகவே கிளிநொச்சிப் பக்கத்து அரச பாடசாலை ஒன்றில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது பாடசாலை அபிவிருத்திச் சங்கம். தலைவர் கதிரைக்கு ஆசைப்படாதீர்கள். அது அதிபருக்கே உரியது. செயற்குழுவுக்குப் போட்டி இருக்குமோ என்று பயப்படவும் வேண்டாம். "ஆர் வாறியள்?" என்று கேட்டதும் மண்டபம் முழுக்க நிலத்தைப் பார்க்கும் (தண்ணீர்த் தாங்கி எப்போது வரும் என்று கேட்டவரும்தான்). கையை உயர்த்துங்கள், கதிரை உங்களுடையது.

லண்டன் அத்தானையும் விடாதீர்கள். வரவு செலவு பார்க்கப் பழகிய மனுசன், உங்கள் கணக்கறிக்கையையும் ஒருக்கால் பார்த்துத் தரட்டும்.