அன்பைக் குறைத்துக்கொள்ள வேண்டி ஒரு மனு

அனுப்புநர்: திருப்புலிவனத்து நெல் விவசாயி ஒருவன், உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்: தலைவர், வாடிக்கையாளர் அக்கறைப் பிரிவு, பெயரைச் சொன்னால் 'ஆழ்ந்த வருத்தம்' அடையக்கூடிய ஒரு வங்கி.

பொருள்: தங்கள் அன்பைக் குறைத்துக்கொண்டு என் பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக.

ஐயா அல்லது அம்மா அல்லது எந்திரமே,

வணக்கம். தாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் கிடைத்தன. மகள் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். எடுத்த எடுப்பில் 'டியர் வேல்யூட் கஸ்டமர்'. நடுவில் 'வீ டீப்லி கேர்', 'சின்சியர்லி ரிக்ரெட்', 'ஆல்வேஸ் ஈகர் டு சர்வ் யூ'. முடிவில் 'வார்ம் ரிகார்ட்ஸ்'. மகள் அர்த்தம் சொல்லச் சொல்ல, அடுப்படியில் இருந்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யாருங்க அது, இப்படி உருகறது?" என்றாள். பேங்க் என்றேன். அவள் நம்பவில்லை.

விஷயம் சின்னது. நெல் போட்ட பணம் கணக்கில் ஏறியிருந்தது. நடவுக் கூலி கொடுக்க உத்திரமேரூரில் உங்கள் ஏ.டி.எம்.மில் பத்தாயிரம் கேட்டேன். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் கடகடவென்று கேட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. ஆனால் பத்தாயிரம் டெபிட் ஆகிவிட்டதாகப் போனுக்குச் செய்தி உடனே வந்துவிட்டது. உங்கள் சுறுசுறுப்பில் குறை சொல்ல முடியாது. மிஷின் துப்பிய சீட்டோடு விழித்துக்கொண்டு நின்ற என்னிடம் வாட்ச்மேன் வந்து, "பெரியவரே, அந்தச் சீட்ட மடிச்சு ஜோபில போடாதீங்க. மை நிக்காது, வெள்ளையாப் பூடும். மொதல்ல போட்டோ புடிங்க. கீழ மிஷின் நம்பர் இருக்கு பாருங்க, அதுவும் விழணும்" என்றார். அவர் சட்டையில் 'வீ கேர்' என்று எதுவும் அச்சடித்திருக்கவில்லை.

உங்கள் அக்கறை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தமிழுக்கு இந்த எண், புகாருக்கு அந்த எண் என்று அமுக்கியதும், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று ஒரு குரல். எவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு சங்கீதமாக வாசித்துக் காட்டினீர்கள். கடைசியில் கிடைத்த பெண், "உங்க சிரமத்தை முழுசா புரிஞ்சுக்கறேன் சார்" என்றாள். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். என் தம்பி மகள் சென்னையில் ஒரு கால் சென்டரில் இருந்தவள். அனுதாப வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு மார்க் குறைப்பார்களாம். கூப்பிட்டவருக்குப் பணம் வந்ததா என்பதற்கு அந்த மார்க் தாளில் கட்டமே கிடையாதாம்.

சரி, உருக்கமாக எழுதுகிறார்களே, நாமும் பதில் போடுவோம் என்று மகள் தட்டினாள். 'டு நாட் ரிப்ளை' என்ற பெட்டியாம் அது. எழுதினால் போய்ச் சேராது. சேவை செய்யத் துடிக்கும் இடத்துக்கு வாய் இருக்கிறது, காது வைக்கவில்லை.

இதற்குள் ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை ஒன்று எனக்குத் தெரியவந்தது. பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், ஐந்து நாளுக்குள் நீங்களாகவே திருப்பி வரவு வைக்க வேண்டும். தவறினால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய். புகார் வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. அந்தச் சுற்றறிக்கையில் அன்பு கிடையாது, நூறு ரூபாய் இருக்கிறது. உங்கள் கடிதங்களில் அப்படியே தலைகீழ். பத்து நாள் தாமதித்தால் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்துக்குப் பதிலாக எத்தனை 'சின்சியர்லி' எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விகிதம் நிர்ணயித்துச் சொன்னால், நடவு ஆட்களிடம் அதையே கூலியாகக் கொடுத்துப் பார்க்கிறேன்.

வங்கிச் சேவையைச் சீர்செய்ய 1975-இல் தல்வார் குழு, 1990-இல் கோய்போரியா குழு, 2010-இல் தாமோதரன் குழு. 2014-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனம் ஐந்து உரிமைகளைச் சொல்கிறது. குறை தீர்ப்பும் இழப்பீடும் அதில் ஒன்று. இத்தனைக்கும் பிறகு உங்களிடம் நன்றாகத் தேறியிருப்பது கடிதம் எழுதும் கலை.

எங்கள் ஊர்ப் பெயரை விசாரித்திருந்தால் உங்களுக்கு உதவியிருக்கும். வண்டு மொய்க்காத பூவைப் பறிக்க விடியுமுன் மரமேற வேண்டும், இருட்டில் கால் வழுக்கும் என்று சிவனிடம் புலிக்காலும் புலி நகமும் கேட்டு வாங்கிய வியாக்ரபாதர் வழிபட்ட தலம் இது. சாமியிடம் அவர் கேட்டது வேலைக்கு வேண்டிய கருவி. 'தங்கள் பூஜை எங்களுக்கு முக்கியம்' என்று ஓலை அனுப்பிவிட்டுத் தூங்கவில்லை.

பக்கத்தில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 கல்வெட்டுகள். ஊர்ச் சபை வாரியங்களுக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் விதிகள். பொன்னின் மாற்றுப் பார்க்கவே அங்கே தனியாகப் பொன் வாரியம் இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி ஓலைக்குத் தகுதியில்லை; அவன் உறவுக்காரர்களுக்கும் தகுதியில்லை. வருத்தம் தெரிவித்தால் போதும் என்ற சலுகை அதில் இல்லை. அந்தச் சுவர் முன் உங்கள் அதிகாரிகளுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கலாம், பஸ் வசதி உண்டு.

உங்கள் ஆர்வம் முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. நெல் பணம் கணக்கில் விழுந்த அன்றே ஒருவர் கூப்பிட்டு என் ஆயுளைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டு இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொன்னார். அவருக்குக் காத்திருப்புச் சங்கீதம் எதுவும் தேவைப்படவில்லை, நேராக வந்தார். என் பத்தாயிரத்தைத் தேடும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

ஆகவே, பத்தாயிரத்தையும் ஆறாம் நாளிலிருந்து ஏறிய நூறுகளையும் வரவு வைக்கவும். 'டியர்' வேண்டாம், 'வார்ம்' வேண்டாம்; இங்கே வெயில் போதுமான அளவு இருக்கிறது. எனக்கு ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்று கேட்டு வரும் செய்தியைப் பணம் வந்த பிறகு அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் டியர் வேல்யூட் கஸ்டமர்

நகல்: ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மன் புகார் மையம், சண்டிகர் (முப்பது நாள் பார்த்துவிட்டு அனுப்பப்படும், கட்டணம் இல்லையாம், தமிழிலேயே எழுதலாமாம்).