ஒரு சம்பளம், இரண்டு அறை, பத்து மாத அட்வான்ஸ்: குடிபெயர்வியலுக்கு ஓர் எளிய அறிமுகம்

எர்ன்ஸ்ட் ஜார்ஜ் ராவன்ஸ்டைன் என்பவர் 1885-இல் லண்டன் புள்ளியியல் கழக இதழில் இடப்பெயர்ச்சியின் விதிகளை எழுதினார். மனிதர்களில் பெரும்பாலானோர் பக்கத்தூர் வரைக்கும்தான் போவார்கள். தொலைவு போகிறவர்கள் தொழிலும் வியாபாரமும் நடக்கிற பெருநகரமாகப் பார்த்துப் போவார்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு. பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கைக் கரைத்துக் குடித்துவிட்டுச் சொன்ன விதிகள் இவை, குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் மனிதர் ஒரு ஹவுஸ் ஓனரையும் நேரில் கண்டு பேசியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த ஆய்வு.

மாதிரிக் குடும்பம் ஒன்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, ஏழாம் வகுப்பு போகும் மகள், ஒன்றாம் வகுப்பு சேரவேண்டிய மகன். கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு இடமாற்றம். சம்பளம் கைக்கு வருவது 42,000 ரூபாய்; வேறு வருமானம் கிடையாது என்பது குடும்பத் தலைவரின் வாக்குமூலம். (இந்த வாக்குமூலத்தைப் பின்னால் விசாரிப்போம்.) இருவரும் சம்பாதிக்கும் வீடுகளையும் சென்னையில் சொந்த வீடு உள்ளவர்களையும் ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்கும் கஷ்டம் உண்டு. கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகள் தனித்துறை.

ஏன் பெயர்கிறார்கள் என்பதற்கு ஹாரிஸ், டோடரோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1970-இல் விடை கண்டார்கள். நகரத்தில் இன்று கிடைக்கிற கூலியைப் பார்த்து யாரும் வருவதில்லை, கிடைக்கும் என்று எதிர்பார்க்கிற கூலியைப் பார்த்தே வருகிறார்கள் என்பது அவர்கள் முடிவு. நல்ல முடிவுதான், எதிர்பார்ப்பைக் கூலியோடு நிறுத்திவிட்டதில்தான் கோளாறு. நம் மாதிரிக் குடும்பத்தின் எதிர்பார்ப்பில் மகளின் நீட் கோச்சிங், மகனின் இங்கிலீஷ், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே ‘சென்னை’ என்று அச்சாவது, அதைப் படிக்கும்போது சித்தப்பா வீட்டார் முகம் போகிற போக்கு எல்லாம் அடக்கம். கடைசி இனத்துக்கு எந்தச் சமன்பாட்டிலும் இடமில்லை. ஆனால் ஆர்டரை வாங்கிக்கொள்வதா, ஆளைப் பிடித்து ரத்து செய்வதா என்ற கேள்வி வந்தால் முடிவெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

அடுத்தது, சென்னை எங்கே இருக்கிறது என்ற கேள்வி. மாநகராட்சியைக் கேட்டால் 2011 விரிவாக்கத்துக்குப் பிறகு 426 சதுர கிலோமீட்டர் என்று சொல்லும். பெருநகர வளர்ச்சிக் குழுமத்தைக் கேட்டால் நெடுங்காலம் 1,189 என்று சொல்லிவந்தது. 2022 அக்டோபரில் அரசாணை வந்து 5,904 ஆனது. மூன்றாவதாக, உறவினர்களிடம் சொல்கிற சென்னை ஒன்று உண்டு. அதன் தெற்கெல்லை இப்போதைக்குச் செங்கல்பட்டு. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓட ஆரம்பித்த நாள்தொட்டு ஒற்றைச் சம்பளம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே தெற்கே போய்க்கொண்டிருக்கிறது. கிண்டி, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. ஒவ்வொரு ஸ்டேஷன் தாண்டும்போதும் வாடகையில் கொஞ்சம் குறைகிறது, தூக்கத்தில் கொஞ்சம் குறைகிறது. இரண்டும் சமமாகிற புள்ளியில் குடும்பம் இறங்கிக்கொள்ளும். நம் குடும்பம் ஊரப்பாக்கத்தில் இறங்கியது. மாடியில் இரண்டு அறை, வாடகை 13,000. கும்பகோணத்தில் 6,000 கொடுத்து முற்றம் வைத்த வீட்டில் இருந்தவர்கள். முற்றத்தைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் இப்போது தடை செய்யப்பட்டிருக்கிறது.

ஓனரம்மாவின் நேர்காணலைக் கள ஆய்வுக் குறிப்பிலிருந்து அப்படியே தருகிறேன். கீழ்வீட்டு கேட்டைப் பாதி திறந்து, பாதியில் அவர் நின்றுகொண்டு நடத்தியது.

“எத்தன பேரு?”

“நாலு பேருங்க.”

“சொந்தக்காரங்க வருவாங்களா?”

“எப்பவாச்சும்…”

“மோட்டார் காலைல ஆறு மணிக்கு ஒரு தடவதான் போடுவோம். செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. அம்மி கிம்மி மாடிக்கு ஏத்தக் கூடாது, டைல்ஸ் போயிரும். வீட்டுக்காரம்மா வேலைக்குப் போறாங்களா?”

“இல்லீங்க, வீட்லதான்.”

“அதான் நல்லது. நாங்க வெளிய போனா கொரியர் வந்தா வாங்கி வைக்கலாம். கேஸ்காரன் வந்தாலும் பாத்துக்கலாம்.”

வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே, சம்பளம் பேசாமல், சென்னை அந்தப் பெண்மணிக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டது. வருமானம் ஒன்றே என்ற வாக்குமூலத்தின் மீது ஆய்வாளருக்கு ஐயம் எழுந்த இடம் இதுதான்.

அட்வான்ஸ் பற்றித் தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய. அந்த ‘ஒழிய’ வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் இன்றும் ராஜநடை போட்டு வந்துகொண்டிருக்கிறது. ஒப்பந்தம் என்பது பதினோரு மாதத்துக்கு எழுதப்படும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாகவேண்டும் என்பதால் ஒரு மாதத்தைக் கழித்துவிட்டார்கள். எல்லா ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும் என்று புதுச் சட்டம் வந்த பிறகும் கழித்த மாதத்தை யாரும் திருப்பித் தரவில்லை. ஆகவே குடித்தனக்காரர்களின் ஆண்டுக்குப் பதினோரு மாதம். வாடகை ஏறுவது அந்த ஆண்டுக்கணக்கில், சம்பளம் ஏறுவது ஆங்கில ஆண்டுக்கணக்கில். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பெயின்ட்டை அடித்துப் பார்த்தவர் எவரும் இவ்வாய்வில் அகப்படவில்லை.

வருமான வரித்துறையும் இந்த விஷயத்தில் புவியியல் பேசும். வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கணக்கிடும்போது சென்னையில் குடியிருந்தால் சம்பளத்தில் 50 சதவீதம் வரை, கும்பகோணமானால் 40 சதவீதம் வரை என்பது பல்லாண்டுப் பழைய விதி. நகரத்தின் உபத்திரவம் பத்து சதவீதம் என்று அரசே அளந்து சொன்னதாக இதைக் கொள்ளலாம். நம் குடும்பத் தலைவர் மகிழ்ந்தார். ஊரப்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம் அல்லவா என்று ஆபீஸ் அக்கவுண்டன்ட் கேட்டார். வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் ஓனரின் பான் நம்பர் வேண்டும் என்றும் சொன்னார். நம்பரைக் கேட்டு மாடியிலிருந்து கீழே இறங்கிய தலைவர், தண்ணீர் நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தார். புதிய வரிமுறைக்கு மாறினால் இந்த விலக்கே கிடையாது என்று பிறகு தெரிந்ததும் ஒரே நிம்மதி.

சாமான் கட்டுவது பெரிய இயல். இங்கே ஒரு பத்திதான் ஒதுக்க முடியும். ஆடியில் குடிபோகக் கூடாது, மார்கழியில் கூடாது. பள்ளிக்கூடமோ ஜூனில் திறக்கிறது. ஆகவே தமிழ்நாட்டின் ஒற்றைச் சம்பளங்கள் எல்லாம் வைகாசியில் ஒரே மூச்சில் இடம்பெயர்கின்றன. லாரிக்காரருக்கு இது பஞ்சாங்கத்தைவிட நன்றாகத் தெரியும். அம்மியைத் தூக்கி லாரியில் வைத்தவர் மாமியார், மாடிப்படிக்கு அடியில் இறக்கி வைத்தவர் ஓனரம்மா. இரு தரப்பாரும் வென்றதாகவே கருதுகிறார்கள். பால் காய்ச்ச முதலில் உள்ளே போனவை விளக்கு, உப்பு, மஞ்சள், துவரம்பருப்பு, ஒரு குடம் தண்ணீர். கடைசியாக உள்ளே போனது கேஸ் அடுப்பு. பால் கீழ்வீட்டில் காய்ந்து மேலே வந்தது.

இனி மையக் கேள்விக்கு வருவோம். எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-இல் சொன்னார்: குடும்பம் ஏழையாக ஏழையாக, வருமானத்தில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும். பெர்லினில் ஹெர்மன் ஷ்வாபே 1868-இல் சொன்னார்: வாடகைக்குப் போகும் பங்கும் அப்படியே. ஜெர்மானியர் இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்ட பிறகு பள்ளிக் கட்டணம், ரயில் சீசன், கேன் தண்ணீர், மாத்திரை, மொய் எல்லாம் எங்கிருந்து வருகின்றன? மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாகத் தருகிறது. சப்-மீட்டர் வைத்த மாடிவீட்டுக்கு அந்த இலவசம் படியேறி வருவதில்லை. 42,000-ஐ எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இருபத்திரண்டாம் தேதிக்கு மேல் கணக்கு நிற்கவில்லை. ஆனால் குடும்பம் முப்பதாம் தேதியும் சாப்பிடுகிறது. கணிதம் ஒன்று சொல்ல, சாம்பார் வேறொன்று சொல்கிறது. ஆய்வாளர் சாம்பாரின் பக்கம் நின்று தரவுகளை மறுபடி திரட்டினார்.

முதல் தரவு அட்வான்ஸ். ஒரு லட்சத்து முப்பதாயிரம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை சேர்த்தால் 1,56,000. ஏறத்தாழ நான்கு மாதச் சம்பளம். தலைவரிடம் கேட்டால் “புரட்டினோம்” என்றார், பன்மையில். புரட்டப்பட்டவை அவர் மனைவியின் நான்கு வளையல்கள். இப்போது கும்பகோணத்தில் அடகுக்கடைப் பெட்டியில் இருக்கின்றன. வட்டி கட்டுவது அந்த அம்மாள் பிடிக்கிற சீட்டிலிருந்து. சீட்டுக்குப் பணம் காய்கறியில் மிச்சம் பிடிப்பதிலிருந்து. காய்கறி வாங்கப் போவது தாம்பரம் மார்க்கெட்டுக்கு, 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண பஸ்ஸில். தலைவர் போனால் டிக்கெட் எடுக்கவேண்டும், அதோடு கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்காமல் வாங்கி வந்துவிடுவார்.

இரண்டாவது, அரிசி. பிறந்த வீட்டிலிருந்து, அண்ணன் வயலில் விளைந்தது, அறுவடைக்கு அறுவடை மூட்டையாக பஸ் டிக்கியில் வருகிறது. வாயைச் சணலால் தைத்து, சாக்கின் மேல் கறுப்பு மார்க்கரில் தங்கை பெயரை எழுதி அனுப்புகிறார் அண்ணன். மாப்பிள்ளை பெயரை எழுதுவதில்லை. தென்மாவட்ட பஸ்களுக்காகக் கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது ஊர் முழுக்கத் திட்டியது, இவ்வளவு தள்ளியா என்று. ஊரப்பாக்கம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மூட்டை ஆட்டோ தூரத்தில் வந்து இறங்கிவிடுகிறது. வாடகை 13,000 ஆனாலும் அந்த வீட்டையே பார்க்கச் சொன்னது யார் என்று விசாரித்ததில், அதுவும் அந்தத் தங்கைதான்.

மகளுக்குக் கணக்கு டியூஷன் வைக்கவில்லை, அம்மா சொல்லிக்கொடுக்கிறார். மகனுக்கு வேன் இல்லை, நடந்து கொண்டுபோய் விடுகிறார். கடை மாவு இல்லை. ஐயமிருந்தால் இவற்றின் மாதச் செலவைக் கூட்டிக்கொள்ளுங்கள். நான் கூட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டுக்கும் முப்பதுக்கும் இடையில் விழுந்த பள்ளம் அப்படியே மூடிக்கொள்கிறது.

ஆகவே இவ்வாய்வின் முடிவு: ஒற்றைச் சம்பளக் குடும்பம் என ஒன்று உலகில் கிடையாது. சம்பளச் சீட்டு ஒருவருக்குத்தான் அச்சாகிறது. இதை அரசு அறியாததல்ல. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நேரப் பயன்பாட்டைக் கணக்கெடுத்தபோது, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், செய்கிற ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. இந்தத் தகவலைச் சொன்னபோது குடும்பத் தலைவர் “தொண்ணூத்தேழா!” என்று வியந்தார், ஆண்குலத்தின் தியாகத்தை எண்ணி. 2001 மக்கள்தொகைக் கணக்கில் இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்போர், சிறைக்கைதிகள் வரிசையில் ‘வேலை செய்யாதோர்’ என்று வைத்ததை 2010-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒருபடி மேலே போய், கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்றது. இந்தத் தீர்ப்பால் நம் குடும்பத்தில் உடனடி விளைவு எதுவும் இல்லை. பங்கு போடச் சொத்து வேண்டும்.

எஞ்சியிருப்பது ராவன்ஸ்டைனின் எதிரோட்டம். ஊரைவிட்டு ஓடிவந்தவர்களுக்கு எதிர்த்திசையில் சிலர் திரும்பிப் போவார்கள் என்ற பொருளில் அவர் சொன்னார். நாம் காண்பது வேறு. ஒரு குடும்பம் சென்னைக்கு வந்துவிட்டால், அதன் பின்னாலேயே தி.நகரில் முகூர்த்தப் புடவை எடுக்கிறவர்கள், முட்டிவலிக்குப் பெரிய டாக்டரைப் பார்க்கிறவர்கள், விசா நேர்காணலுக்கு வந்தவர்கள், இண்டர்வியூவுக்கு வந்த ஒன்றுவிட்ட தம்பி எனத் தனியோட்டம் ஒன்று கிளம்பிவிடுகிறது. விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, “பக்கத்துலதான் இருக்கீங்களாமே” என்று போன் அடிக்கிறார்கள். எத்தனை நாள் தங்குவார்கள் என்றால் எல்லோரும் ‘ரெண்டு நாள்’ என்கிறார்கள். இந்த அளவையின் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. முட்டிவலியின் ரெண்டு நாள் மிகப் பெரியது. வரும் வைகாசிக்குள் இதற்கு ஒரு வாய்பாடு கண்டாக வேண்டும். காரணம், போன வாரம் பெரியத்தை பையோடு படியேறுவதைக் கீழிருந்து பார்த்த ஓனரம்மா குரல் கொடுத்துவிட்டார்:

“அஞ்சாவது ஆளா? மோட்டாருக்குத் தனியா முந்நூறு ரூபா, இந்த மாசத்துலேந்தே.”