ஆளுயரக் காசோலை

எந்த வங்கியிலும் செல்லாத காசோலை ஒன்று தமிழ்நாட்டில் புழக்கத்தில் இருக்கிறது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், அட்டையில் ஒட்டிய ஃபிளெக்ஸ். அதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். பிடித்திருக்கும் இருவரும் காசோலையைப் பார்ப்பதில்லை, கேமராவைத்தான் பார்ப்பார்கள். நடுவில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, முக்கால் மணி நேரம் வெயிலில் நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைகள். அவர்களில் குள்ளமானவள் காசோலைக்குப் பின்னால் மறைந்துபோவாள். அவளுக்காகத்தான் அந்தப் பணம் என்று மேடையில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

விழா எப்படி நடக்கும் என்பது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் ஹெச்.எம். வரவேற்பார். பணம் தரும் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் மண்டல மேலாளரைப் பாரி என்பார், கர்ணன் என்பார். மேலாளர் கூச்சப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "சமூகம் கொடுத்ததைச் சமூகத்துக்கே திருப்பிக் கொடுக்கிறோம்" என்பார். கைதட்டல், பொன்னாடை, குரூப் போட்டோ. அதற்குள் இரண்டு வகுப்பறைச் சுவர்களில் ரயில் பெட்டி வரைந்து, ஜன்னலுக்கு ஜன்னல் நிறுவனச் சின்னத்தையும் வரைந்திருப்பார்கள். அன்றோடு வறுமைக்கு வண்ணம் அடித்தாயிற்று.

கர்ணனிடம் யாரும் சட்டப் பிரிவைக் காட்டிக் கவசத்தைக் கேட்கவில்லை. இந்தக் கம்பெனிகளிடம் சட்டமே கேட்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி: இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 2021 முதல், செலவிடாமல், உரிய கணக்குக்கும் மாற்றாமல் வைத்திருந்தால் அபராதம் உண்டு. இதற்குப் பெயர் கடமை. வீட்டு வரி கட்ட வந்தவருக்கு எந்த ஊராட்சிச் செயலரும் சால்வை போர்த்தியதாகக் கேள்விப்பட்டதில்லை. அந்த வரியைத் தன் விருப்பப்படி தன் வீட்டு வாசலிலேயே செலவழித்துக்கொள்ளும் சலுகையும் வீட்டுக்காரருக்குக் கிடையாது. கம்பெனிகளுக்கு இரண்டும் உண்டு.

சரி, கடமையாகவே இருக்கட்டும்; பணம் எங்கே போகிறது? கல்வி, பட்டினி ஒழிப்பு, தொழிற்பயிற்சி என்று சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் நல்ல காரியங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் ஓரிடத்தில் 'தேசியப் பாரம்பரியப் பாதுகாப்பு' என்றும் இருக்கிறது. அந்த ஒற்றை வரியின் வழியாக, 2016-17இல் ஐந்து பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 146.83 கோடி ரூபாயை நர்மதைக் கரையில் எழும்பிக்கொண்டிருந்த 182 மீட்டர் சிலைக்குக் கொடுத்தன. அந்தச் சிலை பாரம்பரியச் சொத்து ஆகாது என்று தலைமைத் தணிக்கை அமைப்பான சி.ஏ.ஜி. 2018இல் ஆட்சேபித்தது. ஆட்சேபம் அறிக்கையில் இருக்கிறது, சிலையும் இருக்கிறது. பெஞ்சு இல்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு வசதி: அண்ணாந்து பார்க்கத் தரைதான் தோதான இடம்.

இன்னொரு கூத்து 2020இல் நடந்தது. பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுத்தால் அது சமூகப் பொறுப்புச் செலவு என்று மார்ச் மாதம் மத்திய அமைச்சகம் அறிவித்தது. முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் அது கணக்கில் வராது என்று ஏப்ரலில் விளக்கம் தந்தது. நிறுவனம் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது அதே 135ஆவது பிரிவின் வாசகம். ராணிப்பேட்டைத் தொழிற்சாலைக்கும் தூத்துக்குடி ஆலைக்கும் டில்லிதான் உள்ளூர் என்பதை நம் புவியியல் ஆசிரியர்கள் யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

சிலையையும் நிதியையும் விடுங்கள், பெரிய இடத்து விவகாரம். கழிப்பறைக்கு வருவோம்.

2014 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் நின்று பிரதமர் சொன்னார்: ஒரே ஆண்டில் எல்லாப் பள்ளிகளிலும் பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் களத்தில் இறங்கின. 1.4 லட்சம் கழிப்பறைகள் கட்டியதாகக் கணக்கு. 2,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. சி.ஏ.ஜி.யின் தணிக்கைக்காரர்கள் 15 மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளை நேரில் போய்ப் பார்த்தார்கள். 2020இல் அறிக்கை வந்தது. கட்டிமுடித்ததாக எழுதப்பட்டவற்றில் சில அந்த இடத்திலேயே இல்லை. இருந்தவற்றில் 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர் வரவில்லை. 55 சதவீதத்தில் கை கழுவ வசதியில்லை. 30 சதவீதம் பயன்பாட்டிலேயே இல்லை.

இதில் திருட்டைவிட எனக்கு எரிச்சல் தருவது, திருடாமல் நேர்மையாகக் கட்டிய இடத்திலும் தண்ணீர் இல்லாமல் போன காரணம்தான். கட்டடத்தைத் திறந்துவைக்கலாம், கல்வெட்டு பதிக்கலாம், ரிப்பன் வெட்டலாம். மோட்டார் ரிப்பேர் செலவையும், தினமும் கழுவிவிடும் அம்மாவின் மாதச் சம்பளத்தையும் எப்படித் திறந்துவைப்பது? அவற்றுக்காக யாரும் விழா எடுப்பதில்லை. ஆகவே எட்டாம் வகுப்புப் பெண் காலையில் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறாள், மாலை வரை அடக்கிக்கொண்டு கணக்குப் போடுகிறாள், மாதத்தில் மூன்று நாள் வருவதேயில்லை. அவளுக்கு அடுத்த ஆண்டு அதே நிதியில் 'தன்னம்பிக்கை மேம்பாட்டு முகாம்' நடத்துவார்கள். கோட் போட்ட ஒருவர் மைக்கோடு வந்து, "உன்னால் முடியும்" என்று இரண்டு மணி நேரம் கத்துவார். அவளால் எவ்வளவு முடியும் என்பது அந்த இரண்டு மணி நேரமும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு தாக்க மதிப்பீடு. பெரிய நிறுவனங்களின் பெரிய திட்டங்களுக்கு இது சட்டப்படி கட்டாயம். நல்ல ஏற்பாடுதான், எண்ணுகிற விதம்தான் அலாதி. 400 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஓர் ஆர்.ஓ. இயந்திரம் வைத்தால் பயனாளிகள் 400. அதே பிள்ளைகளுக்குப் பை கொடுத்தால் இன்னுமொரு 400. சுவரில் ரயில் வரைந்தால் பார்த்தவர்கள் 400. மொத்தம் 1,200 இளையோர் வாழ்வில் ஒளி. இயந்திரம் மூன்றாம் மாதம் நின்றுபோனால் கழிப்பதில்லை. கழித்தல் தாக்க மதிப்பீட்டின் பாடத்திட்டத்தில் இல்லை.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாத பகுதி ஒன்று இருக்கிறது.

தென்மாவட்டத்து வானம் பார்த்த ஊர்களிலிருந்து மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளுக்கு வேன்வேனாகப் பெண் பிள்ளைகள் போனார்கள். பலர் பத்தாம் வகுப்பைக்கூடத் தாண்டாதவர்கள், பெரும்பாலும் தலித் வீடுகளின் பிள்ளைகள். மூன்று ஆண்டு ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ கையில் கொடுப்பார்கள் என்று தரகர் வந்து சொன்னார். அதற்கு 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். 'திருமகள் திருமணத் திட்டம்' என்றும் ஒரு பெயர். ஏழைப் பெண்களைக் கரையேற்றும் தர்மமாகவே அதை நோட்டீஸ் அடித்து விளம்பரப்படுத்தினார்கள். விடுதிக் கதவு பூட்டப்பட்டிருந்ததும், செல்பேசி கூடாது என்றதும், இடையில் உடம்பு முடியாமல் திரும்பியவளுக்கு மொத்தத் தொகை கிடைக்காமல் போனதும் 2011 முதல் ஆய்வறிக்கைகளாகவே வந்துவிட்டன. தொகை வேறு எதுவுமில்லை, அவளுடைய கூலியிலிருந்து மாதாமாதம் பிடித்துவைத்த பணம். அவளிடமிருந்து எடுத்ததை அவளுக்கே தானமாகக் கொடுத்து, அதற்கும் நன்றி எதிர்பார்த்தார்கள்.

இளையோரின் பின்தங்கல் மழைபோல வானத்திலிருந்து விழுவதில்லை. தாய்க்குக் கூலி குறைகிற இடத்தில், அப்பாவை ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத் தொழிலாளியாகவே வைத்திருக்கிற இடத்தில், ஊர்க் கிணற்றில் ரசாயனம் இறங்குகிற இடத்தில் அது தயாராகிறது. அங்கே ஈட்டிய லாபத்தில் 2 சதவீதம் பள்ளிச் சுவருக்கு வருகிறது. மிச்சம் எப்படி வந்தது என்று யாரும் கேட்காமல் அந்த 2 சதவீதம் பார்த்துக்கொள்கிறது. மகளுக்கு இலவசப் பை கொடுக்கும் கம்பெனி, தாய்க்குச் சட்டப்படியான கூலியும் பி.எஃப்பும் கொடுத்தால், பையை அவளே வாங்கிக்கொள்வாள். எந்தச் சின்னமும் போடாத பையாகப் பார்த்து வாங்குவாள்.

கொடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்துப் பள்ளி நடத்தினார்கள். 1889இல் தொடங்கிய அந்த க்ஷத்திரிய வித்யாசாலாவில்தான் காமராசர் படித்தார். அந்தப் பிடி அரிசி ஒரு சாதியின் ஏற்பாடு, அதைப் பாடிப் பரவ எனக்கு விருப்பமில்லை. ஆனால் அரிசி போட்டவளுக்கு வாத்தியார் ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமை இருந்தது, ஏனென்றால் அவள் பிள்ளை அங்கே படித்தது. பின்பு அந்தக் காமராசர் முதலமைச்சராக, நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. தொடர்ந்து ஊர் ஊராக நடந்தது. பள்ளிக்கு என்ன தேவை என்று முதலில் பட்டியல் போட்டார்கள், பிறகுதான் ஊரிடம் கேட்டார்கள். இப்போது முறை தலைகீழ்: முதலில் ஃபிளெக்ஸ் அடிக்கிறார்கள், பிறகு அதற்கேற்ற தேவையைத் தேடுகிறார்கள்.

அண்மையிலும் உதாரணம் உண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. அந்தந்தத் தெருவில் படித்த பெண்கள் மாலையில் திண்ணையில், கோயில் மண்டபத்தில், மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில் பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திண்ணை வகுப்புகளால் வந்தது என்றும், பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கே கூடுதல் பயன் என்றும் பொருளாதார அறிஞர்களின் ஆய்வு காட்டியது. அந்தப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். காசோலை விழாவில் மாலைக்கும் சாமியானாவுக்கும் ஆகிற செலவு இதைவிடக் கூடுதல். எந்த மேடையிலும் யாரும் அவர்களைப் பாரி என்று அழைக்கவில்லை.

கூட்டாண்மை என்கிறார்கள். கூட்டாளிக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வேண்டாமா? அந்த உரிமை ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் எடுத்துப் பயன்படுத்தவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் (எஸ்.எம்.சி.) முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழு. அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எந்த வழியிலிருந்தோ வந்த நிதி எப்படிச் செலவானது என்று கண்காணிப்பதும் அதே குழு. 21ஆவது பிரிவில் இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் திட்டங்களை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் விதி. செல்பேசியில் தேடினால் கிடைக்கும்.

எஸ்.எம்.சி. கூட்டம் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தால், கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள் அம்மா. உங்கள் பள்ளி பெயரில் எந்தக் கம்பெனி எவ்வளவு எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் பராமரிப்பு ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொல்லுங்கள். எழுந்து போய்க் கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வரவில்லை என்றால், 'வரவில்லை' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, அதன் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.