இரண்டடித் தொட்டியில் நீரோட்டமும் பாசியும்: ஒரு பேராய்வு

தாவரத் தொட்டி என்பது மீன் வளர்ப்பதாகச் சொல்லிச் செடியும், செடி வளர்ப்பதாகச் சொல்லிப் பாசியும் வளர்க்கப்படும் கண்ணாடிப் பெட்டி. நீளம் இரண்டடி, அகலமும் உயரமும் ஓரடி எனில் விளிம்புவரை ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். மண்ணும் கல்லும் மரக்கட்டையும் இறங்கியபின் எவ்வளவு கொள்ளும் என்று எவரும் அளப்பதில்லை. உரத்தின் அளவு, பம்பின் திறன் எல்லாமே அந்த 56-ஐ நம்பியே கணக்கிடப்படுகின்றன. பிழையை முதல் வரியில் வைத்துவிட்டு மீதியைத் துல்லியமாகச் செய்வது மற்றத் துறைகளிலும் உள்ள மரபே.

நீர் ஏன் ஓட வேண்டும்? கரியமில வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். இலையை ஒட்டி அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று நிற்கிறது. வாயுவும் உரமும் அதைக் கடந்தே இலைக்குள் செல்ல வேண்டும். ஓட்டம் படலத்தை மெலிதாக்கும். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் 5 முதல் 10 மடங்கு நீர் சுற்றிவர வேண்டும் என்பது வழக்கிலுள்ள விதி. 56 லிட்டருக்கு 280 முதல் 560 வரை. பம்பின் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணை வைத்து இதை முடிவு செய்யலாகாது. அந்த எண் ஸ்பாஞ்சும் குழாய் வளைவும் உயரமும் இல்லாத ஓர் உலகில் அளக்கப்பட்டது.

அளவைவிடத் திசை முக்கியம். ஒரு பக்கச் சுவரிலிருந்து புறப்படும் நீர் எதிர்ச் சுவரில் மோதி, கீழிறங்கி, தரையை ஒட்டித் திரும்பிவர வேண்டும். எல்லாச் செடியும் லேசாக ஆடினால் சுழற்சி சரி. கல்லுக்குப் பின்னால் அழுக்கு ஒதுங்கினால் அது தேங்குமூலை. பம்பின் வாயைச் சற்றே திருப்ப வேண்டும். மேற்பரப்பு சிலிர்த்தால் போதும், அருவிபோல் கொட்டினால் சிலிண்டரிலிருந்து விலைகொடுத்து ஏற்றிய கரியமில வாயு கூடத்தில் உள்ளவர்களுக்குப் போய்ச் சேரும்.

இனிப் பாசியின் வகைகள்.

பழுப்புப் பாசி: புதுத் தொட்டியில் வரும், தானே போகும்.

பச்சைப் புள்ளி: கண்ணாடியில் படிவது, பழைய பிளேடால் சுரண்டுக.

பச்சைத் தண்ணீர்: விளக்கை அணைத்துத் தொட்டியை மூன்று நான்கு நாள் போர்வையால் மூடுக. வீட்டுக்கு வருவோர் கேட்பதற்கெல்லாம் விடை சொல்ல வேண்டியதில்லை.

நீலப்பச்சைப் பாசி: இது பாசியே அன்று, பாக்டீரியா. ஆயினும் பாசி என்றே வழங்கும். தேங்குமூலையில் வழவழவென்று விரிந்து நாற்றமடிக்கும்.

கருந்தாடி: நிறம் கறுப்பு, சேர்ந்த குலமோ செம்பாசி. சாராயத்தில் நனைத்தால் சிவந்து தன் குலத்தைக் காட்டும். ஓட்டம் குறைந்தால் வரும் என்பது ஒரு கட்சி. பம்பின் வாயிலேயே வளர்கிறதே என்பது மறு கட்சி. கரியமில வாயு நாளுக்கு நாள் ஏறி இறங்குவதே காரணம் என்போர் மூன்றாமவர். மூவர் தொட்டியிலும் கருந்தாடி உண்டு.

பாசிக் கட்டுப்பாட்டின் வரலாறு பரணர் பாடிய குறுந்தொகை 399-இல் தொடங்குகிறது என்பதை அறிஞர் உலகம் இன்னும் போதிய அளவு வற்புறுத்தவில்லை. ஊரார் நீருண்ணும் கேணியின் பாசி, கை பட்டால் விலகும், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். தலைவியின் பசலையும் அத்தகையது என்பது பாட்டின் கருத்து. பாசி உவமை, பசலை பொருள் என்று கொண்டு உரைகாரர் எல்லாரும் பசலையின் பின்னே போய்விட்டனர். அது பொருந்தாது. என்னை? எனின், பசலைக்கு உவமை வேறும் கிடைக்கும். தொட்டதும் விலகி, விட்டதும் பரவும் இயல்போ பாசியைப் பலநாள் துடைத்துச் சலித்தவர்க்கே தெரியும். ஆகவே பாட்டின் பொருள் பாசி, பசலையே உவமை என்க. துடைப்பது தீர்வாகாது, காரணம் அப்படியே இருக்கிறது என்னும் முடிவும் இதனால் பெறப்படும்.

அற்றேல், அக்கேணியில் சுழற்சி எவ்வளவு? நீர் மொள்ளும் குடங்களைப் பம்பாகக் கொண்டால் கணக்கிடலாம். அதற்குக் குடத்தின் கொள்ளளவு வேண்டும். அதற்கு ஓர் அகழாய்வு வேண்டும். ஊரின் மக்கள்தொகை வேண்டும். அதற்குப் பாட்டின் காலம் வேண்டும். அங்கே அறிஞர்கள் சில நூற்றாண்டு முன்பின்னாக நின்று ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. விலகி மூடும் பாசி மிதப்பதாகவே இருக்க வேண்டும், படியில் ஒட்டியது அன்று என்பாரும் உளர். பசுமை என்னும் அடியிலிருந்து பாசி வந்தது எனில் பாசிமணியையும் பாசிப்பயற்றையும் இவ்வாய்வில் சேர்க்க வேண்டும் என்பது வேர்ச்சொல் அறிஞர் கோரிக்கை. இதற்குள் ஒரு முனைவர் பட்டம் பெறப்பட்டிருக்கும். பாசி இருந்த இடத்தில் இருக்கும்.

மேலைநாட்டுப் புலமையும் இதற்குச் சளைத்ததன்று. கடல் மிதவை உயிர்களில் நைட்ரஜனும் பாஸ்பரசும் 16-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதை ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு கடலை ஆராய்ந்து கண்டார். அதை இரண்டடிப் பெட்டிக்குப் பொருத்தி உரம் கலந்தவர்கள் பலர். 1999-இல் தாவரத் தொட்டிச் சூழலியல் பற்றி நூல் எழுதிய டயானா வால்ஸ்டட், அடியில் தோட்டமண்ணைப் போட்டு, கருவிகளைக் குறைத்து, செடிகளையே நம்பினார். மலிவான வழி என்பதால் இதைக் கடைக்காரர் எவரும் பரிந்துரைப்பதில்லை.

பாசி உண்பவற்றுள் தலையாயது அமானோ இறால். ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) அதைத் தொட்டிகளில் பரப்பியதால் அப்பெயர். அவர் முன்னாள் சைக்கிள் பந்தய வீரர். வட்டமாகச் சுற்றுவதன் அருமை தெரிந்தவர் என்று இதற்கும் ஓர் ஆய்வாளர் பொருள் கூறக்கூடும். மீன்தீனி தாராளமாக விழும் தொட்டியில் இறால் பாசியை ஏறெடுத்தும் பாராது.

விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். அதற்கு மேல் எரிவது பாசிக்கான படி. நீர் மாற்றுவது பற்றிக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாய்மொழியாக வழங்கும் பாடம் “வாரம் கால்வாசி தண்ணி மாத்துங்க சார்” என்பது. “அரைவாசி” என்பது பாடபேதம். “சார்” பிற்சேர்க்கை, பொருள் வாங்கியவர்க்கு மட்டும் உரியது.

எஞ்சியதைக் கையால் எடுக்க வேண்டும். இழைப்பாசிக்குப் பழைய டூத் பிரஷைச் செருகி, நூல் சுற்றுவதுபோல் திருகி, மெல்ல இழுக்க வேண்டும். கூடவே செடியும் வந்தால் திரும்ப நடுக. வேலை முடிந்ததும் பிரஷை மீண்டும் குளியலறைக் குவளையில் வைக்கலாகாது.