திருவனந்தபுரத்தில் ஒத்த விருப்பக் குழு தேடல்: போளியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒத்த விருப்பக் குழு என்பது, ஒரு பொருளில் நாட்டமுடையோர் கைப்பேசியில் ஒன்றுகூடி வேறு பொருள்களைப் பேசும் இடம். வாட்ஸ்அப்பில் அதன் பேரெல்லை 1024 பேர். டெலிகிராமில் 2 லட்சம். சிற்றெல்லை இருவர்: தொடங்கியவரும், கேட்காமலே சேர்க்கப்பட்ட அவர் மைத்துனரும்.

இந்நகரில் இத்தேடலுக்குத் தொன்மை உண்டு. 1829-இல் பொது நூலகம் தொடங்கிய ஊர் இது. 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தை இங்குதான் அமைத்தனர். நல்ல படம் விரும்பியவர் அன்று சந்தா கட்டி, நேரில் போய் உட்கார்ந்தார். முறை எளிதாக இருந்தமையால் ஆய்வாளர்க்கு அங்கே வேலையில்லை.

இன்றைய வகைகள் பல. திரைப்படக் குழு டிசம்பரில், சர்வதேசத் திரைப்பட விழாவையொட்டி விழிக்கும். டெக்னோபார்க் குழுவில், விருப்பம் எதுவாயினும், கழக்கூட்டத்தில் வாடகை வீடு கிடைக்கும். குடியிருப்போர் சங்கக் குழு விருப்பத்தின்பாற்படாது, தண்ணீரின்பாற்படும். தமிழாய்வுக் குழுவில் கருத்தரங்க அழைப்பு, கட்டணம், வங்கிக் கணக்கு எண், மின்சான்றிதழ் ஆகிய நான்கும் வரும். ஆய்வு வந்ததாகப் பதிவில்லை.

எஞ்சியது போளி. கல்யாண விருந்தில் போளியைப் பால்பாயசத்தோடு உண்பது இந்நகர வழக்கு. சாலைக் கடைத்தெருவில் நின்று ஒருவர் இதற்கொரு குழு தேடப் புகுந்தால், முதலில் இடறுவது எழுத்து. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தை இடுவதா, பதினாறாம் எழுத்தை இடுவதா? தமிழில் இரண்டுக்கும் ஒரே பகரம் என்பதால் தமிழாய்வாளர் இவ்வினாவையே ஏற்பதில்லை. இரண்டாவதை இட்டால் இந்திக்காரரின் பேச்சுவழக்கும் ஏலக் கேள்வியும் வந்து நிற்கும். பதினாறாவதை இட்டால், 'அடிபொளி'யைச் சுருக்கி 'பொளி' என்னும் மலையாள இளைஞர் குழுக்கள் வரும். அவற்றில் பைக் உண்டு, போளி இல்லை. தமிழிலேயே தட்டி ளகரம் லகரமானால் போலிக் கணக்கு பற்றிய எச்சரிக்கைகள் குவியும். இலக்கணக் குழுவினரோ முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என மூன்று தருவர். இறுதியானதைக் 'கடைப் போளி' எனப் பாடங்கொண்டோரே இதுவரை பயன்கண்டவர்.

அடுத்தது ஊர்ப்பெயர். அரசு 1991-இல் திருவனந்தபுரம் என்று நிறுவிய பின்னும் திரிவேண்ட்ரம் சாகவில்லை. ரயிலுக்கு டிவிசி, விமானத்துக்கு டிஆர்வி, வண்டிக்கு கேஎல் 01. ஐந்து பெயரிலும் தேடி, ஐந்து குழுவிலும் சேர்ந்து, ஒரே ஆளின் ஒரே காலை வணக்கத்தை ஐந்து முறை பெறுவதே முறையான களப்பணி.

குழு கிடைத்தபின் எழுவது, பாயசத்தைப் போளிமேல் ஊற்றுவதா, போளியைப் பிய்த்துப் பாயசத்தில் இடுவதா என்னும் கருத்து வேற்றுமை. வடகலை தென்கலையாரும் இத்துணைத் தீவிரம் காட்டுவதில்லை. விரிவுக்குக் காண்க: இரவு 11 மணிச் செய்தி, அது நீக்கப்பட்டமையின், அதைக் கண்டித்த குரல்பதிவு, அதுவும் நீக்கப்பட்டமையின், கண்டித்தவரைக் கண்டித்து வெளியேறியோர் பட்டியல். வாட்ஸ்அப்பில் இப்பட்டியல் 60 நாள்தான் இருக்கும் என்பதால் காலவாராய்ச்சியாளர் விரைதல் வேண்டும். ஈராயிரம் ஆண்டை முன்பின் நகர்த்திப் பழகிய கைகளுக்கு இது சிரமமே.

வெளியேறல்: வாட்ஸ்அப்பில் 2022 முதல் ஓசையின்றி வெளியேறலாம், அட்மினுக்கு மட்டும் அறிவிப்பு போகும். அட்மின் அக்காள் கணவராயின் வெளியேறல் இல்லை.