தோல் தோடும் பாதி விலையும்

கேள்வி: ஷூ கம்பெனியில் வெட்டி மிஞ்சிய தோலில் தோடு செய்கிறேன். சென்னை கேலரி விற்ற விலையில் பாதி கேட்கிறது. கொடுக்கலாமா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: உங்கள் பெயரோடு விற்றால் கொடுங்கள், பெயரை மறைத்தால் கால் பங்குகூட அதிகம். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைக்கின்றன, பெட்டிமேலோ பெரும்பாலும் அயல்நாட்டு பிராண்டின் பெயர்தான். உங்கள் தோட்டுக்கும் அந்தக் கதி வேண்டாம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைக்க நிலம் வாங்கியது, பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களைத் தாங்களே விற்ற காசில். கைவேலைக்குச் சொந்தப் பெயரில் சந்தை உண்டு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

பாதி போனால் என்ன மிஞ்சும் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் விலை தோலுக்கு அல்ல. வெட்டிய ஓரத்தை உரசி, சாயம் பூசி, காயவிட்டு, மறுபடி மெருகேற்றும் நேரத்துக்கு. அந்தக் கூலியையும் கேலரியின் பங்கையும் சேர்த்தே விலை வையுங்கள். வீடு தேடி வருபவருக்கும் அதே விலைதான். குறைத்தால் கேலரி கதவைச் சாத்திவிடும். விற்ற பிறகே பணம் என்றால், எத்தனை ஜோடி, எந்தத் தேதிக்குள் பணம், தொலைந்தால் யார் பொறுப்பு என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.