விருந்தும் மருந்தும்

2020 கோடையில் தமிழ்நாட்டில் ஒரு பதவி உயர்வு நடந்தது. அதுவரை வெளிமாநிலத் தொழிலாளி வடக்கன், இந்திக்காரன். மேஸ்திரி வாயில் வெறும் 'டேய்'. கொரோனா வந்ததும் அரசு அவனுக்குப் புதுப் பெயர் சூட்டியது: விருந்தினர் தொழிலாளர். 'டேய்' என்பதிலிருந்து 'விருந்தினர்' வரை ஒரே தாவல். எந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கும் இப்படி ஓர் உயர்வு கிடைத்ததில்லை. என்ன, சம்பளம்தான் கிடைக்கவில்லை.

இந்தப் பெயரைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்கலாம். தொழிலாளி என்றால் கூலி கேட்பான். ஓ.டி. பாக்கி கேட்பான். விருந்தாளி அப்படியெல்லாம் கேட்க மாட்டான். கொடுத்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கும்பிட வேண்டும். போட்டோவுக்கும் நிற்க வேண்டும். ஒரே ஒரு சொல்லால் உரிமையைப் பிச்சையாக்கிவிட்டார்கள்.

விருந்தாளி தங்கிய மாளிகையைப் பார்ப்போம். 2014 ஜூலையில் மத்திய பட்ஜெட் பொன்னேரியை ஸ்மார்ட் சிட்டி ஆக்கப் போவதாகச் சொன்னது. சொன்னதோடு சரி. பொன்னேரியிலிருந்து கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை போனால், ஸ்மார்ட்டாக இருப்பது லைன் வீட்டுக்காரர்களின் கணக்கு மட்டும்தான். வாடகை வீட்டுக்கு அல்ல, தலைக்கு. ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். டே ஷிப்டு எழுந்த பாயில் நைட் ஷிப்டு படுக்கும். பாய்க்கு மட்டும் வார விடுமுறை கிடையாது. இவர்களிடம்தான் ஆறடி இடைவெளி விடு என்றார்கள். அறையே பத்தடி. அடிக்கடி கை கழுவு என்றார்கள். வரிசைக்கே ஒரு குழாய். வீட்டிலிருந்து வேலை பார் என்றார்கள். ரோலிங் மில்லை மடித்து மஞ்சப்பையிலா எடுத்துப் போக முடியும்?

மார்ச் 24, இரவு எட்டு மணி. பிரதமர் தோன்றினார். நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு, 21 நாள் என்றார். நான்கு மணி நேர அவகாசம். நம் ஊரில் மின்தடைக்குக்கூட முதல் நாளே பேப்பரில் அறிவிப்பு வரும். கும்மிடிப்பூண்டி லோக்கல் நின்றது. கம்பெனி பஸ் நின்றது. மேஸ்திரியின் போன் மட்டும் நிற்காமல் அடித்தது. எடுக்கத்தான் ஆளில்லை.

ஆனாலும் மத்திய அரசு சும்மா இருந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மார்ச் 22 மாலை தட்டைத் தட்டச் சொன்னது. ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றச் சொன்னது. மே 3 அன்று விமானப் படையை அனுப்பி மருத்துவமனைகள் மேல் பூத் தூவியது. தட்டில் சோறு இருக்கிறதா என்று கேட்பது மட்டும் நிகழ்ச்சி நிரலில் இல்லை.

இடையில் மார்ச் 29 அன்று ஓர் உத்தரவு வந்தது. ஊரடங்கு நாட்களுக்கும் முழுச் சம்பளம் தர வேண்டும், தொழிலாளியிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்றது உள்துறை. படித்தவர்கள் கண் கலங்கினோம். யாருக்குச் சம்பளம் வந்தது என்று மட்டும் விசாரிக்கவில்லை. கம்பெனியைக் கேட்டால் "அவன் எங்க ஆள் இல்ல, கான்ட்ராக்டர் ஆள்." கான்ட்ராக்டரைக் கேட்டால் "கம்பெனி பில் பாஸ் பண்ணல." மே 18 முதல் அந்த உத்தரவும் செல்லாது என்றார்கள். ஐம்பது நாள் ஓடிய படம். தியேட்டரில் ஒருவர்கூட இல்லை. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றது. பேசலாம்தான். அதற்கு முதலில் யாராவது போனை எடுக்க வேண்டுமே.

சரி, உள்ளூர் ஆட்கள் தப்பித்தார்களா? பொன்னேரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் பேக்கிங் வேலைக்குப் போகும் அக்காவும் கான்ட்ராக்ட்தான். அவர் விருந்தாளி இல்லை. அவரிடம் ரேஷன் கார்டு இருக்கிறது. எனவே 1,000 ரூபாய் வந்தது. அரிசியும் வந்தது. குழுக் கடன் தவணைக்காரரும் வந்தார்.

ஊருக்கே போய்விடலாம் என்று கிளம்பியவர்கள் கொல்கத்தா நெடுஞ்சாலையில் நடந்தார்கள். எளாவூர் தாண்டினால் ஆந்திரா. அதற்கப்புறம் ஒடிசாவும் வங்காளமும் கால்களுக்கு எட்டிய தூரம்தான். கால்கள் இருந்தால்.

மகாராஷ்டிரத்தில் ஜால்னா இரும்பு ஆலையிலிருந்து சிலர் அப்படிக் கிளம்பினார்கள். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வேகும் அதே வகை ஆட்கள். ரயில்தான் ஓடவில்லையே என்று நம்பித் தண்டவாளத்தில் படுத்தார்கள். மே 8 விடியற்காலை, ஔரங்காபாத் அருகே சரக்கு ரயில் ஏறியதில் 16 பேர் செத்தார்கள். பக்கத்தில் ரொட்டிகள் சிதறிக் கிடந்தன. அவர்களுக்கு ரயில் இல்லை, சரக்குக்கு உண்டு. அந்த ஆண்டின் பொருளாதாரக் கொள்கை இவ்வளவுதான்.

அதே வாரம் கர்நாடக அரசு கட்டுமான அதிபர்களைச் சந்தித்தது. கையோடு, தொழிலாளர்களை ஊருக்கு அனுப்பும் சிறப்பு ரயில்கள் வேண்டாம் என்றது. நாடு காறித் துப்பிய பிறகு மாற்றிக்கொண்டது. உத்தரப் பிரதேச அமைச்சரவை பெரும்பாலான தொழிலாளர் சட்டங்களை மூன்றாண்டு நிறுத்திவைக்கும் அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வீடு எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்ட கதை. நாம் மட்டும் யோக்கியமா? கொரோனா அடங்கி, 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நம் சட்டமன்றமே நிறைவேற்றியது. கூச்சல் கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ். உழைப்பாளர்களுக்கு மே தினப் பரிசாம். திருடிய பர்ஸைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு மாலை போட்டோம்.

இனி கணக்குக்கு வருவோம். 1979-இல் ஒரு சட்டம் போட்டார்கள், மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்காக. கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஒவ்வொருவர் பெயரும் பதிவாக வேண்டும். போட்டோ ஒட்டிய பாஸ் புத்தகம் கையில் தர வேண்டும். போக்குவரத்துச் செலவு தர வேண்டும் என்றது அது. 41 ஆண்டு கழித்து, 2020 செப்டம்பர் 14 அன்று, ஊரடங்கில் செத்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். கணக்கு இல்லாததால் நிவாரணக் கேள்வியும் எழவில்லையாம்.

நியாயம்தானே. விருந்தாளிக்கு யாராவது பதிவேடு வைப்பார்களா?

சிப்காட் கேட்டில் போய் நின்று பாருங்கள். லாரி உள்ளே போகும்போது ஒரு எடை, வெளியே வரும்போது ஒரு எடை. ஒரு கிலோ இரும்பு குறைந்தாலும் செக்யூரிட்டி விசில் அடிப்பார். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவனுக்கு அரை நாள் வெட்டு. அதற்கும் பதிவேடு உண்டு. ஆள் குறைந்தால் எழுதத்தான் இங்கே நோட்டு இல்லை.